மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

கார் ட்யூனிங் எண்டால் எங்கட வயசுப் பெடியளுக்கு ஜெர்மனிதான் ஞாபகம் வரும். வெளிநாடு போறவை ஏ.எம்.ஜி., அல்பினா எண்டு தேடிப்போய், வாசலில் நிண்டு படம் எடுத்து அனுப்புவினம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கராஜ்களிலும் ஒரு ட்யூனிங் நடந்தது. அதுக்கு வாசலில் நிண்டு ஆரும் படம் எடுக்கவில்லை.

கதையை எஞ்சினில் இருந்து தொடங்குவம். 1952இல் மொறிஸ் மைனருக்குள் வந்தது பி.எம்.சி. கம்பனியின் ஏ-சீரிஸ் எஞ்சின். 1959இல் வந்த மினியிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ரேஸ் கார் கட்டின ஜோன் கூப்பர் மினியில் கை வைத்தார். 848 சிசி 997 ஆனது, ரெண்டு காபரேட்டர் பூட்டி, கம்ப்ரெஷனும் 9 ஆகக் கூடியது. 34 குதிரைவலு 55 ஆனது. 1961இல் வந்த அந்த மினி கூப்பரின் அடுத்த வடிவமான கூப்பர் எஸ், 1964இல் மொன்டே கார்லோ றாலியை வென்றது.

அதே குடும்பத்து எஞ்சினை எங்கட மெக்கானிக்மார் நேரெதிர்த் திசையில் மாற்ற வேண்டி வந்தது. 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எண்டு பொருளாதாரத் தடை இறுகியது. மட்டுமட்டாக வந்தது மண்ணெண்ணெய்தான், அதுவும் நெருப்பு விலை. வீட்டில் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதுதான், றோட்டில் காருக்கும் அதுதான்.

பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயைச் சும்மா ஊத்தினால் ஓடாது. குளிர்ந்த எஞ்சினில் அது லேசில் ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்த வேணும். ஒக்டேன் குறைவு எண்டபடியால் எஞ்சின் தட்டும். கம்ப்ரெஷன் கூடின எஞ்சின் இதைத் தாங்காது. 803 சிசி மைனரின் கம்ப்ரெஷன் வெறும் 7.2. பழசு எண்டு ஒதுக்கின கார் தாக்குப்பிடிச்சதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இது உலகத்துக்குப் புதுசு இல்லை. இங்கிலாந்தில் பேர்கசன் ட்ராக்டரின் ஒரு வகை இப்படித்தான் ஓடியது. ஆனால் அதைத் தொழிற்சாலையே அதுக்கெண்டு வடிவமைச்சது. இங்கே அந்த வேலையைச் செய்தவை ஒரு ஸ்பானர் பெட்டியோடு நிண்ட மனிசர்.

இதை “தமிழன்ர மூளை” எண்டு பெருமை பேசி முடிச்சுவிடவும் எனக்கு மனமில்லை. கறுப்புப் புகையும் நாத்தமும் சனத்தின் நெஞ்சுக்குள் போனது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும், பிறகு எஞ்சின் தேயும். கெட்டித்தனம் உண்மை. அந்தக் கெட்டித்தனம் தேவைப்பட்டது ஒரு தண்டனையால் எண்டதும் உண்மை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வந்தது. பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிள் உருட்டியும்தான் வந்தார்கள். அந்த நெரிசலுக்குள் ஊர்ந்து வந்த கார்களுக்கும் மண்ணெண்ணெய்தான் உயிர். அப்போது சாவகச்சேரி கொள்ள முடியாத அளவுக்கு நிரம்பியது. 2000இல் நடந்த சண்டையில் அதே பட்டினம் இடிஞ்சு தரைமட்டமானது. கடைத்தெருவோடு சேர்ந்து எத்தனையோ சாமான்களும் தடயங்களும் போய்விட்டன.

கூப்பரின் வேலைக்குப் புத்தகங்கள் இருக்கு, அளவுகள் இருக்கு, பழைய கார்களைக் காட்டும் மியூசியங்கள் இருக்கு. எங்கட ஆக்களின் வேலை அவையின் கையிலும் ஞாபகத்திலும்தான் கிடக்கு. அண்டைக்கு இருபது, முப்பது வயசில் நிண்டவை இப்ப ஐம்பதும் அறுபதும் தாண்டினவை. உங்கட ஒழுங்கையிலும் அப்பிடி ஒரு ஐயா இருப்பார். போய்க் கேளுங்கோ: காபரேட்டரில் என்ன மாத்தினீங்கள்? பொறி அடிக்கிற நேரத்தை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினீங்கள்? ஒரு போத்தல் பெற்றோல் எத்தனை நாள் வந்தது? போனில் பதிவு செய்யுங்கோ, அளவுகளோடு எழுதி வையுங்கோ. வெளிநாட்டுக் கராஜுக்குப் பிறகும் போகலாம், அது அங்கேயே இருக்கும்.