ஹுகோவ்: சீனாவின் குடும்பப் பதிவு முறை

சீனக் குடிமக்கள் ஒவ்வொருவரையும் ஏதேனும் ஓர் ஊரோடு பிணைத்து வைக்கும் அரசுப் பதிவு முறை ஹுகோவ். இன்றைய வடிவில் 1958 ஜனவரியில் சட்டமானது. பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதியுடன், அவர் எந்த ஊரைச் சேர்ந்தவர், விவசாயியா இல்லையா என்பதும் எழுதப்பட்டது. நகரப் பதிவு உள்ளவருக்கு ரேஷன் தானியம், வேலை, வீடு, மருத்துவம் எல்லாம் அரசின் பொறுப்பாக இருந்தன. கிராமத்தாருக்குக் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையின் விளைச்சலே கதியாக இருந்தது. 1959–61 பெரும்பஞ்சத்தில் மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தானியத்தை விளைவித்துக் கொடுத்த கிராமத்து மக்கள் என்பது இம்முறையின் மிகக் கொடிய விளைவு.

பதிவு பிறப்போடு வந்தது. 1998 வரை பிள்ளைக்குத் தாயின் பதிவுதான். தகப்பன் நகரத்தவராக இருந்தாலும் தாய் கிராமத்தவர் என்றால் பிள்ளையும் கிராமத்துக் கணக்கில்தான் சேர்ந்தது.

1980 முதல் ஷென்ஜென் போன்ற நகரங்களில் ஆலைகள் பெருகின. கிராமத்து இளைஞர்கள் வேலை தேடி வந்தனர். அவர்களின் பதிவு மட்டும் ஊரிலேயே நின்றது. தற்காலிகக் குடியிருப்பு அட்டை இல்லாதவரைப் போலீசார் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலை நீடித்தது. 2003இல் ஹூபெய் மாகாணத்தைச் சேர்ந்த பட்டதாரி சுன் ஜிகாங் குவாங்ஜோவில் அப்படிப் பிடிபட்டு, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில் அந்த விதி அதே ஆண்டு ரத்தானது.

அதிகம் இழப்பவர்கள் பிள்ளைகளே. பெய்ஜிங்கில் வளர்ந்த கூலித் தொழிலாளியின் மகள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவை, பொதுவாகப் பதிவு உள்ள மாகாணத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். பல்கலைக்கழக இடங்கள் மாகாணவாரியாகப் பங்கிடப்படுவதால், ஹெனான் மாணவருக்குப் பெய்ஜிங் மாணவரைவிடப் போட்டி பல மடங்கு கடுமை. பாடநூலும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டதால், தேர்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடும் பெற்றோர் உண்டு. சிறு வயதிலிருந்தே தாத்தா பாட்டியிடம் விடப்பட்டு, வசந்த விழா விடுமுறையில் மட்டும் தாய் தகப்பன் முகம் பார்க்கும் பிள்ளைகளும் கோடிக்கணக்கில் உள்ளனர். ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் இருவரின் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேறுபட்ட எதிர்காலத்தை ஒரு பதிவேடு எழுதுவது அநீதி.

விவசாயி, விவசாயி அல்லாதவர் என்ற பாகுபாட்டை நீக்குவதாக அரசு 2014இல் அறிவித்தது. சிறு நகரங்களில் பதிவு பெறுவது எளிதாயிற்று. பெய்ஜிங், ஷாங்காய் ஆகியவை படிப்பு, வேலை போன்றவற்றுக்குப் புள்ளிகள் வைத்துச் சலித்தே சேர்க்கின்றன. 2020இல் மக்கள் தொகையில் சுமார் 64 சதவீதம் நகரங்களில் வாழ்ந்தது. நகரப் பதிவு உள்ளவர்கள் சுமார் 45 சதவீதமே. இப்போது வாய்ப்புக் கிடைத்தும் மாறத் தயங்குவோர் உண்டு: நகரத்தில் வேலை போனால் திரும்பிச் செல்ல ஊரில் உள்ள நிலவுரிமையையும் மனைக்கட்டையும் இழக்க அவர்கள் துணிவதில்லை.