கடைசி என்று விற்ற கார்



1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் நகரத்துக் காடிலாக் தொழிற்சாலையிலிருந்து எல்டொராடோ என்னும் கார் ஒன்று வெளிவந்தது. அதன் நிறம் வெண்மை. கூரைத் துணியும் தோல் இருக்கைகளும் அவ்வாறே. துணிக்கூரையை மடக்கிவிட்டுக் காற்று முகத்தில் மோத ஓட்டிச் செல்லும் இவ்வகைக் காரை அமெரிக்கர் கன்வெர்டிபிள் என்பர். தம் நாட்டில் செய்யப்படும் கடைசிக் கன்வெர்டிபிள் இதுவே என்று அன்று பறைசாற்றினர். பிறந்த நாளிலேயே இறுதிச் சடங்கும் கண்ட கார் அது.

1965-இல் 5 லட்சத்துக்கு மேல் விற்ற வகைக்கு ஏன் இந்தக் கதி? குளிர்சாதன வசதி வந்தபின் கூரையைத் திறக்கும் ஆசை குறைந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் துணிக்கூரை படபடவென்று இரைந்தது. கார் புரண்டால் உள்ளிருப்போர் தலையைக் காக்கக் கடுமையான சட்டம் வரும் என்ற அச்சமும் உற்பத்தியாளரை வாட்டியது.

அந்த ஆண்டில் செய்த 14,000 எல்டொராடோ கன்வெர்டிபிள்களில் இறுதி 200-ம் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வெள்ளைக் கார்கள். சுமார் 11,000 டாலர் பட்டியல் விலைக்கு மிகவும் மேலே கொடுத்தும் மக்கள் அவற்றை வாங்கினர். ஓட்டுவதற்கு அல்ல, போர்வையிட்டு மூடிவைத்துப் பின்னாளில் பெரும் பொருளுக்கு விற்பதற்கு. ஆனால் 1982-இல் கிரைஸ்லர் நிறுவனம் கன்வெர்டிபிளை மீண்டும் கொணர்ந்தது. 1984-இல் காடிலாக்கே புதிய எல்டொராடோ கன்வெர்டிபிளை விற்கலாயிற்று! ஏமாந்தோம் என்று பழைய காரை வாங்கியவர் சிலர் நீதிமன்றப் படியேறினர். ஆளுக்கொன்றாக எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிய பொருளாவது எங்ஙனம்?

எவரும் பத்திரப்படுத்தாத வேறொரு வகையின் கதையைக் கேளுங்கள். 1964-ஆம் ஆண்டு மாதிரியாகப் போன்டியாக் பிரிவினர் ஒரு குறும்பு செய்தனர். நடுத்தர அளவுள்ள காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினை வைக்கலாகாது என்பது தலைமை நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஜான் டிலோரியனும் அவருடைய தோழர்களும், தனி மாதிரி என்று சொல்லாமல், லெமான்ஸ் என்னும் காருக்கு உரிய கூடுதல் வசதி என்ற பெயரில் 389 கன அங்குல என்ஜினைப் பொருத்தினர். ஜி.டி.ஓ. பிறந்தது. 5,000 விற்றால் போதும் என்றிருந்தவர்கள் 32,450 விற்றனர். 'மஸில் கார்' என்று பின்னர் பெயர் பெற்ற இவற்றைப் பயில்வான் கார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அதே 1964-இல்தான் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழங்கார் அணிவகுப்பு தொடங்கிற்று. தலைநகர்வாழ் நேயர்கள் அதனைக் கண்டிருப்பீர்கள். அங்கே வரும் கார்களுள் பல, சமஸ்தானங்களில் வலம்வந்தவை. அமெரிக்கப் பயில்வானோ, இளைஞன் தவணைமுறையில் வாங்கிப் போக்குவரத்து விளக்கடியில் பந்தயம் விட்ட கார்.

அதன் வாழ்வு குறுகியது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்தது. 425 குதிரைச் சக்தியுள்ள ஹெமி என்ஜினைக் கொண்ட பிளிமத் குடா கன்வெர்டிபிள், 1971-இல் 11 மட்டுமே செய்யப்பட்டது. அதிகம் செய்ய வாங்குவோர் இல்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று.

பணம் புகுந்த இடத்தில் போலியும் புகுந்தது. முதலாண்டு ஜி.டி.ஓ. கூடுதல் வசதியாகவே விற்கப்பட்டதால், அதன் அடையாள எண்ணைப் பார்த்து அது ஜி.டி.ஓ.தானா என்று அறிய இயலாது. சாதாரண லெமான்ஸுக்குச் சின்னத்தைப் பொருத்தி விற்பது எளிது. ஆகவே தொழிற்சாலைப் பதிவேடே சாட்சி. கிரைஸ்லர் கார்களில், இருக்கையின் சுருள்வில்களுக்கு இடையே தொழிலாளர் விட்டுச்சென்ற உற்பத்தித் தாளைச் சேகரிப்போர் புதையல்போல் தேடுகின்றனர். எலி தின்ற தாள் ஒன்றிற்காக முழு இருக்கையையும் பிரிப்பார்கள்!

1968-இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஓடிய பச்சை நிற மஸ்டாங்கை, 1974-இல் ஒரு குடும்பம் ஏறக்குறைய 6,000 டாலருக்கு வாங்கியது. படத்தில் அதை ஓட்டிய நடிகர் ஸ்டீவ் மக்குவீன் கேட்டும் கொடுக்கவில்லை. குடும்பத் தலைவி அதை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டினார். பிறகு நெடுங்காலம் அது கொட்டகையில் கிடந்தது. 2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலத்துக்கு வந்தபோதும் புதுச்சாயம் பூசவில்லை. மங்கிய பச்சையும் துருவும், காமிராவைப் பொருத்தப் படக்குழுவினர் அடியில் பற்றவைத்த இரும்பும் அப்படியே இருந்தன. கட்டணம் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு அது விலைபோயிற்று.