ஒளியாற் செதுக்கிய கண்

கண்ணாடியும் கான்டாக்ட் லென்சுமின்றித் தெளிவாகப் பார்க்க வகைசெய்யும் லேசர் கண் சிகிச்சையை மட்டாஞ்சேரி வாழ் நம் பிள்ளைகளும் இன்று அறிவர். அதன் தோற்றத்தில் சென்னை மாணவர் ஒருவருக்குப் பெரும்பங்குண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

1929-இல் சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற் பணியேற்றார். 1981 நவம்பரில், விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டைக் கொணர்ந்து, அதன்மீது 'எக்சைமர்' என்னும் புறஊதா லேசர் ஒளியைப் பாய்ச்சினார். பிற லேசர்கள் தசையைக் கருக்கின. இதுவோ சுற்றிலும் சுடாமல் நுண்ணிதாகச் செதுக்கிற்று. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் ஆகியோர் உடனுழைத்தனர்.

1983-இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிராக்கல், சீனிவாசனுடன் கூடி அவ்வொளியைக் கருவிழிப் படலத்தில் ஆராய்ந்தார். படலத்தின் வளைவு திருந்தினால் ஒளி விழித்திரையிற் சரியாகக் குவியும். கண்ணாடி செய்யும் வேலையும் அதுவே. 1995-இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு இசைவளித்தது.

கண்ணாடி அணிந்தே பேரேடு எழுதிவரும் ரயில்வே குமாஸ்தாவாகிய யான் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளேன். ரயில் எஞ்சின் ஓட்டுநர் பணிக்குக் கண்ணாடியின்றியே முழுப் பார்வை வேண்டும். லேசர் சிகிச்சையால் அதனைப் பெற்றோரை ரயில்வே ஏற்பதில்லை. அப்பணியை விரும்பும் இளைஞர் அவசரப்படலாகாது. ஏனையோரும் கண்ணளவு நிலைபெற்றபின் மருத்துவர் சொற்படி நடப்பதே நலம். கண்ணாடி அணிதல் இழுக்கன்று.

விருந்தின் எச்சத்திலும் உண்மையைத் தேடிய அவ்வறிஞரின் நோக்கு நம் குழந்தைகளுக்கும் வாய்ப்பதாக!