நன்னிலம் ரயில் பாதையும் சொந்த முதலும்

காவிரிப் படுகையின் பொருளியல் வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவும் நீரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருப்பதால், அங்கு விளைந்த உபரிச் செல்வம் எந்தப் புதுமுயற்சியில் இறங்கியது, யாருடைய முதலைக் கொண்டு இறங்கியது என்ற கேள்விக்கு உரிய கவனம் கிடைத்ததில்லை. தஞ்சை மாவட்டச் சிற்றூர்க் குடும்பத்தில் 1968இல் பிறந்து, ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஸ்ரீதர் வேம்பு முதலீடு, கல்வி, ஊர் வாழ்வு ஆகியவை குறித்து வெளியிட்டுவரும் கருத்துகளை அந்தக் கேள்வியின் வெளிச்சத்தில் படிக்கும்போதுதான் அவற்றின் எடை புலப்படுகிறது. அதற்கு நன்னிலம் வழியே செல்லும் ரயில் பாதையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவில் ரயில் பாதைகள் உத்தரவாத முறையில் அமைக்கப்பட்டன; அதாவது, இலண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய பணத்துக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை, வண்டி ஓடி இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், இந்திய வரிப்பணத்திலிருந்து தருவதாக அரசு உறுதியளித்தது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இணைத்த பாதை அவ்வகையைச் சேர்ந்தது. மாயவரத்திலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் நீளத்துக்கு 1894இல் திறக்கப்பட்ட பாதையோ வேறு வகையில் உருவானது. நிலவரியோடு சேர்த்து வசூலித்த கூடுதல் தீர்வையைக் கொண்டு தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது சாலை, மருத்துவமனை போன்றவற்றைக் கவனித்த மாவட்ட ஆட்சிமன்றம், அந்தப் பாதைக்கு முதல் தேடியது. வண்டிகளை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் விடப்பட்டது. ஜில்லா போர்டு ரயில் பாதைகளுக்கு இதுவே முன்னோடி. தீர்வை கட்டியவர்கள் மிராசுதார்கள், அதாவது பரம்பரை நில உரிமையாளர்கள். ஆனால் அந்தத் தீர்வைக்கான நெல்லை வயலில் நின்று விளைவித்த பண்ணையாட்களுக்குப் போர்டில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இம்முயற்சியைப் பாராட்டுவது முறையாகாது. அவ்வாறு சொன்ன பிறகும், வெளியூர் முதலாளிக்கு வட்டி கட்டாமல் ஒரு மாவட்டம் அக்காலத்தின் ஆகப் புதிய தொழில்நுட்பத்தைத் தன் வருவாயிலிருந்தே அமைத்துக்கொண்டது என்ற உண்மை பெரிதாகவே நிற்கிறது.

அந்தப் பாதை நெல் மூட்டைகளை வெளியே கொண்டுசென்றது. படித்த பிள்ளைகளையும் கொண்டுசென்றது. கும்பகோணத்திலும் சிதம்பரத்திலும் பட்டம் பெற்றவர்கள் சென்னை அலுவலகங்களை நோக்கிப் பெயர்ந்தனர். நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930இல் பிறந்த கே. பாலசந்தர், முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்துவிட்டுச் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதன் பின்னரே நாடகத்துக்கும் திரைக்கும் வந்தார். ஊரில் மிஞ்சிய பணம் மீண்டும் நிலமாகவும் நகையாகவும் மாறியதே தவிரத் தொழிற்கூடமாக மாறியது அரிது.

வேம்புவின் வாழ்க்கையின் முதற்பாதியும் இதே தடத்தில்தான் சென்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1989இல் பட்டமும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1994இல் முனைவர் பட்டமும் பெற்று, குவால்காம் நிறுவனத்தில் பணியாற்றிய பின், 1996இல் சகோதரர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2009இல் அதன் பெயர் ஸோஹோ என்றானது. இந்திய மென்பொருள் நிறுவனங்களுள் பெரும்பாலானவை பிறர் கேட்ட வேலையைச் செய்து கொடுத்து மணிக்கணக்கில் கூலி பெற்றுவந்த காலத்தில், தன் பெயரிலேயே விற்கக்கூடிய மென்பொருளைச் செய்வது என்ற வழியை அந்நிறுவனம் தேர்ந்தது. துணிகர மூலதனத்தை, அதாவது சில ஆண்டுகளில் நிறுவனத்தை விற்றோ பங்குச் சந்தையில் பட்டியலிட்டோ பன்மடங்காகத் திரும்ப எடுக்கும் நோக்கத்தோடு தரப்படும் முதலை, அது ஏற்கவில்லை. 2001 வாக்கில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்து அதன் வாடிக்கையாளர்கள் பலர் மறைந்தபோது, கையிருப்பைக் கொண்டே தாக்குப்பிடித்துப் புதிய பொருள்களுக்கு மாற அந்த முடிவே இடம் கொடுத்தது. ஆராய்ச்சி பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை காத்திருக்க விடாத பணம் ஆராய்ச்சிக்கு ஆகாது என்பது வேம்பு தொடர்ந்து வலியுறுத்தும் கருத்து.

கல்வி பற்றிய அவரது நோக்கும் இதோடு இணைந்தது. 2000களின் நடுவில் தொடங்கிய ஸோஹோ பள்ளி, மேல்நிலைப் படிப்பை முடித்த மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்து, நிரல் எழுதுதல், கணக்கு, ஆங்கிலம் ஆகியவற்றை ஏறத்தாழ இரண்டாண்டுகள் கற்பித்து வேலையில் அமர்த்துகிறது. பட்டம் அங்கே ஒரு நிபந்தனையே அல்ல. பட்டத்தைப் பயணச்சீட்டாகக் கொண்டு ஊரைவிட்டுப் போன பல தலைமுறைகளைக் கண்ட தஞ்சைப் பகுதிக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு இருக்க முடியாது. தென்காசிப் பகுதியில் 2011இல் நிறுவனம் அலுவலகம் திறந்தது. 2019இல் வேம்பு அப்பகுதியிலுள்ள மத்தளம்பாறைக்கே குடிபெயர்ந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை விட்டுத் தலைமை அறிவியலாளர் ஆனார்.

அதே ஆண்டு மே மாதத்தில், சிலிக்கான் சில்லு உற்பத்திக்கென வகுத்திருந்த பெருந்திட்டத்தை நிறுவனம் நிறுத்திவைத்தது. பெருமுதல் தேவைப்படும் அத்தொழிலுக்கு அரசின் ஆதரவு வேண்டியிருக்கும் என்றும், மக்களின் வரிப்பணத்தை வாங்கும் முன் தொழில்நுட்ப வழியில் முழு உறுதி வேண்டும் என்றும், அந்த உறுதி தங்களுக்கு ஏற்படவில்லை என்றும் வேம்பு வெளிப்படையாக அறிவித்தார். இலாபம் வராவிட்டாலும் வரிப்பணத்திலிருந்து வட்டியை எடுத்துக்கொண்ட உத்தரவாத ரயில் கம்பெனிகளின் வழக்கத்துக்கு இது நேர் எதிரான நிலை.

தஞ்சைப் பகுதிக்கு ஸோஹோவின் இந்த முன்மாதிரி எவ்வளவு பயன்படும் என்பது நிலத்தைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், இயற்கை எரிவாயு எடுத்தல் போன்ற தொழில்களை இங்கே புதிதாகத் தொடங்குவதைத் தடுக்கிறது. வயலைத் தொடாமல், இருக்கும் கட்டடத்தில் நடக்கக்கூடிய மென்பொருள் பணிக்கு அந்தத் தடை பொருந்தாது. ஜில்லா போர்டு ஒரு காலத்தில் செய்ததைப் போல உள்ளூர் வருவாயின் ஒரு பகுதியை ஸோஹோ பள்ளி போன்ற பயிற்சிக்கூடங்களுக்கு ஒதுக்க, நன்னிலம் வட்டாரத்தின் உள்ளாட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் முன்வருவது இப்போதைய அவசரத் தேவை.