கதவுக் கீல்

கதவை நிலையோடு இணைத்து, திறந்து மூட வழிசெய்யும் உலோகப் பொருத்து. பழைய வீடுகளிலும் கோயில்களிலும் பெரும்பாலும் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீண்ட குடுமிகளே குழியில் சுழன்றன.

கீலைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது கதவின் எடை, அடுத்தது அகலம். எடை ஒன்றேயானாலும் அகலமான கதவு மேல் கீலைக் கூடுதலாக வெளியே இழுக்கும். கதவு தொய்ந்து தரையில் உரசினால், முதலில் சோதிக்க வேண்டியது மேல் கீலின் திருகாணிகளைத்தான். அறைக் கதவுகளுக்கு 4 அங்குலப் பட்டைக் கீல் மூன்று போதும். தேக்கு வாசற்கதவுக்கு 5 அங்குலத்தில், தடித்த தகட்டில், நான்கு வைப்பது நல்லது. பிளஷ் கதவில் திருகாணி ஓரச் சட்டத்தின் கட்டையில் இறங்க வேண்டும். உள்ளீட்டில் இறங்கினால் பிடிப்பு நிற்காது.

குளியலறைக்கு இரும்புக் கீல் வேண்டவே வேண்டாம். 304 தர எவர்சில்வர் கீல் ஈரத்தைத் தாங்கும். கடலோர வீடுகளின் வெளிக்கதவுகளுக்கு 316 தரமே ஏற்றது. திருகாணியும் அதே உலோகமாக இருக்கட்டும். கீல் பளபளக்க, திருகாணி துருப்பிடித்துக் கழன்ற கதவுகள் ஏராளம்.

நிலையைச் சுற்றிப் புடைத்த சட்டம் இருந்தும் கதவு சுவரோடு சுவராகத் திறக்க வேண்டுமெனில் பார்லிமென்ட் கீல். இருபுறமும் ஆடும் கதவுக்கு இரட்டைச் சுருள்வில் கீல். அலமாரிக்கு, பலகையில் 35 மில்லிமீட்டர் குழி எடுத்துப் பொருத்தும் மறைகீல். கனத்த கண்ணாடிக் கதவின் பாரத்தைப் பெரும்பாலும் தரையில் பதித்த புளோர் ஸ்பிரிங் சுமக்கும்.