சாலையில் ஒரு வீடு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை நம்மில் பலர் அறிவோம். தொழிலின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலர், விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் இவ்வழியே வருவதுண்டு. பலராமபுரத்தைக் கடந்து நெய்யாற்றின்கரையை அடைந்து, அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிறிது நேரத்தில் பாறசாலை. அதனை அடுத்துக் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இப்பக்கம் பேசப்படும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். அப்பக்கம் பேசப்படும் மலையாளத்தில் தமிழ் ஒலிக்கும். எல்லை எங்கே என்பதைப் பேச்சைக் கேட்டு அறிவது எளிதன்று.

அண்மைக் காலத்தில், வேன் ஒன்றை வாங்கி, அதன் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைப் பொருத்தி, அதையே வீடாகக் கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. இது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா? வண்டியை வீடாக்கியோர் நம்மிடையே முன்பு இருந்ததில்லையா? அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்கு, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அமைந்துள்ள இந்தச் சாலையே நல்ல துணையாகும்.

முதலில் பழைமையைப் பார்ப்போம். சங்க காலத்தில் உமணர் என்போர் இருந்தனர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்பது அவர்கள் தொழில். அவர்கள் தனியே சென்றவர்கள் அல்லர். மனைவி மக்களோடு குடும்பமாகச் சென்றார்கள். உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டியைக் கண்முன் நிறுத்துகிறது. வண்டியின் வாயிலில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. வண்டியின் முன்பக்கத்தில் காடி நிறைந்த கலம் இருக்கிறது. குழந்தையை உடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். உரலும், கோழிக்கூடும், காடிக் கலமும், குழந்தையும் ஓரிடத்தில் இருந்தால் அதை வீடு என்று அழைப்பதில் பிழையென்ன? உப்பு ஏற்றுவதற்காகச் செய்த வண்டியை அவர்கள் வீடாக மாற்றிக்கொண்டார்கள்.

அம்மக்கள் முன்யோசனை மிக்கவர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் வண்டியின் அச்சு முறியக்கூடும் என்று கருதி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டி வைத்தனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் இச்செய்தியை உவமையாக ஆள்கிறார். இன்று மோட்டார் வண்டியில் நாம் ஒரு மாற்றுச் சக்கரத்தை வைத்துக்கொள்கிறோமே, அதன் மூதாதை அந்தச் சேம அச்சே ஆகும்.

மேல்நாட்டு வரலாறும் சுவையானது. ஒன்றாகச் சேர்ந்து பயணம் செய்வோரின் கூட்டத்தைக் குறிக்கும் ‘காரவான்’ என்ற பாரசீகச் சொல்லே ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே வீட்டு வண்டிக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், இன்பச் செலவுக்கென்றே குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, 1885ஆம் ஆண்டில் தென்னிங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். 1951ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம், வோக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய முகாம்பெட்டி ஒன்றைச் செய்தது. வார நாட்களில் சரக்கு வண்டி. விடுமுறை நாளில் வீடு. இன்றைய வீட்டு வேன்களுக்கு அது முன்னோடியாயிற்று.

இனி நம் சாலைக்குத் திரும்புவோம். நாஞ்சில் நாடு பழைய திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை நிறுவினார். தலைநகருக்கு வேண்டிய அரிசியும் பிற பொருள்களும் இந்த வழியே மாட்டு வண்டிகளில் வந்தன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய மாடுகள் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. ஆகவே அது ஒரே இரவில் முடியும் செலவு அன்று. வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டுவார்கள். பகலில் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, வண்டிக்கருகே கல் கூட்டிச் சோறு பொங்குவார்கள். வண்டியின் அடியில் சாக்கைத் தொட்டில்போலக் கட்டி அதில் வைக்கோலை வைத்திருப்பார்கள். அச்சின் அருகே விளக்கொன்று ஆடிக்கொண்டிருக்கும். குடும்பத்தோடு செல்வோர் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமக்காளத்தை விரித்து உறங்கிக்கொண்டே வருவார்கள்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வண்டியில் படுக்கை இருந்தது, பாத்திரம் இருந்தது, அரிசியும் இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, குளிக்க இடமில்லை. அவற்றைத் தந்தவர்கள் யார்? வழியிலிருந்த ஊரார். பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழியம்பலங்கள் இருந்தன. கிணறுகளும் குளங்களும் இருந்தன. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. கோடைக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து மோர் வழங்கினார்கள். ஆகவே, வண்டியில் இருந்தது பாதி வீடு. மற்றப் பாதியை ஊரார் சாலையோரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். வண்டிக்காரன் தன் பாதியை ஓட்டிக்கொண்டு வந்து, அந்தப் பாதியோடு சேர்த்தபோதுதான் வீடு முழுமையாயிற்று.

இவ்வுண்மையை இன்றும் ஆண்டுதோறும் காட்டும் விழா ஒன்று இச்சாலையில் நடைபெறுகிறது. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர், நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வது வழக்கமாயிற்று. இச்சரஸ்வதி கம்பர் வழிபட்ட தெய்வம் என்பது மரபு. தேவி யானைமீதும் மற்ற இருவர் பல்லக்கிலும் எழுந்தருள்வர். முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் வரவேற்பு. அன்றிரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோவிலில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். வழிநெடுக மக்கள் வீட்டு வாயிலில் விளக்கேற்றி நின்று வரவேற்கிறார்கள். பயணம் செல்லும் தெய்வத்துக்கும் வழியில் பிறர் தரும் தங்கல் வேண்டியிருக்கிறது! மனிதர்க்குக் கேட்கவா வேண்டும்?

மாட்டு வண்டியின் காலம் மெல்ல முடிந்தது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் இந்தச் சாலையே அதன் முதல் வழித்தடம். இலண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அதற்குத் தலைமை ஏற்றார். கோமர் நிறுவனத்தின் அடிச்சட்டங்களும் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றின்மேல் பஸ் உடலை நம் தொழிலாளரே இங்குக் கட்டினார்கள். வெற்று அடிச்சட்டத்தின்மீது மனிதர் அமர்வதற்கான கூண்டைக் கட்டும் கலையை இவ்வட்டாரம் அன்றே பயின்றது. இரண்டு இரவுச் செலவு சில மணி நேரமாகச் சுருங்கிற்று. 1979ஆம் ஆண்டில் இருப்புப் பாதையும் வந்தது. வழியில் தங்க வேண்டிய தேவை குறைந்தது. அதனால் வழியம்பலங்களும் சுமைதாங்கிகளும் கவனிப்பாரற்றுப் போயின. சாலை அகன்றபோது பல மறைந்தே போயின.

இதற்கிடையே இன்னொரு பெரிய மாற்றம் நேர்ந்தது. தமிழ் பேசும் தென் வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையில் வாழ்ந்த தமிழர், தாம் இருந்த இடத்தை விட்டு ஓர் அடியும் நகராமலேயே வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். இன்று வண்டியின் எண்ணைப் பார்த்தே எல்லையை அறியலாம். பாறசாலை வண்டிக்குக் கே.எல். 19, நெய்யாற்றின்கரை வண்டிக்குக் கே.எல். 20, எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்து வண்டிக்குத் டி.என். 75.

இனி, இக்காலத்து வீட்டு வேனின் நிலையைப் பார்ப்போம். வேனை வீடாக்குவதற்கு முன் சட்டத்தை அறிதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை மனம்போனபடி மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தியது. வண்டியை வாங்கி உடைத்துவிட்டுப் பின்னர் அனுமதிக்கு அலைவோர் துன்புறுவர்.

அடுத்தது எடை. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடையுள்ளது. அதனை ஒரு பக்கமாக வைத்தால் வளைவில் வண்டி சாயும். கட்டிலும் அலமாரியும் கனத்த மரத்தால் செய்யப்படின், ஏற்றத்தில் எஞ்சின் திணறும், பிரேக்கும் தளரும். அதற்கடுத்தது காற்று. மூடிய வண்டிக்குள் அடுப்பை எரித்துவிட்டு உறங்குவது உயிருக்கே கேடு. இவற்றுக்கெல்லாம் மேலாக, இவ்வட்டாரத்தின் மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் நிலம் இது. மழை நாளில் சன்னலை அடைத்துச் சமைத்தால், இரும்புச் சுவரில் நீர்த்துளிகள் படியும், ஒட்டுப்பலகை பூசணம் பிடிக்கும், மெத்தை நாறும். உமணர் வண்டியில் இத்தொல்லை இல்லை. காற்று அதில் தாராளமாக உலவிற்று.

இவற்றையெல்லாம் கவனமாகச் செய்து முடித்தாலும், இரவு வந்ததும் பழைய கேள்வி எழுகிறது. எங்கே நிறுத்துவது? தண்ணீர் எங்கே நிரப்புவது? கழிவை எங்கே விடுவது? கண்ட இடத்தில் நிறுத்தினால் ஊரார் ஐயுறுவர். கழிவைச் சாலையோர ஓடையில் விட்டால், அந்த ஓடைக்குக் கீழே ஒரு கிணறு இருக்கும். அந்தக் கிணற்றை நம்பி ஒரு குடும்பம் இருக்கும். முன்பு வழிப்போக்கனுக்குத் தண்ணீர் தந்த ஊருக்கு இன்றைய வழிப்போக்கன் தரும் கைம்மாறு இதுவா?

கேரளத்தில் இதனை உணர்ந்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் மூணாற்றில் பழைய அரசுப் பஸ்களைப் படுக்கை அறைகளாக மாற்றிப் பயணிகள் குறைந்த வாடகையில் தங்கச் செய்தபோது, அவற்றைப் போக்குவரத்துப் பணிமனையிலேயே நிறுத்தினார்கள். கழிப்பறைக்குப் பணிமனை உதவிற்று. 2021ஆம் ஆண்டில் கேரள அரசு வீட்டு வண்டிச் சுற்றுலாவுக்குத் திட்டம் வகுத்தபோது, வண்டிகளோடு அவை நிற்பதற்கான பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது. நீரும், மின்சாரமும், கழிவகற்றும் வசதியும் அங்கே வேண்டும் என்பது கருத்து. பழைய வழியம்பலம் புதிய பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்றே நாம் கொள்ளலாம்.

நெய்யாற்றின்கரைக்குச் சற்று வடக்கே பலராமபுரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் எனப்படும் நெசவாளர்களை அரசு அழைத்து வந்து இங்கே குடியேற்றியது. அவர்கள் கொண்டுவந்தது தறியும் கைத்தொழிலும். வீட்டுக்கு நிலமும், நூலுக்கு விலை தரும் சந்தையும் இந்த ஊர் தந்தது. இன்று பலராமபுரம் வேட்டி என்றால் கேரளத்தின் பெருமை என்று உலகம் சொல்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால், அம்மாநில எண்ணைப் பெற வேண்டும். மும்பையிலோ, பெங்களூரிலோ, தில்லியிலோ பல்லாண்டுகளாக வாழும் நமக்கு அவ்வாறு எண் எழுதும் அலுவலகம் இல்லை. எனினும் நாமும் உமணரைப்போல உரலையும் காடிக் கலத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தவர்களே. மொழியும், உணவும், வழிபாடும் நாம் கொண்டுவந்த பாதி வீடு. தண்ணீரும், நிழலும், தொழிலும், அண்டை வீட்டாரின் அன்பும் அந்தந்த ஊர் நமக்குத் தந்த மற்றப் பாதி. அடுத்த முறை களியக்காவிளை வழியே ஊர் திரும்பும்போது, நம் ஊர்களில் பிழைக்க வந்திருக்கும் பிற மாநிலத்தாரையும் சற்று நினைத்துப் பார்ப்போம். அவர்களும் தங்கள் பாதி வீட்டைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீரும் ஓர் இன்சொல்லும் தருவது நம் கடன்.