செங்கல்லின் பெயர் பெற்ற மண்

கொல்கத்தாவின் பவானிபூரில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் ஒரு துளசித் தொட்டியோ கறிவேப்பிலைத் தொட்டியோ இல்லாத மாடத்தைக் காண்பது அரிது. அத்தொட்டிகளில் நிரப்பியிருப்பது கங்கை கொண்டுவந்து சேர்த்த சாம்பல்நிறக் களிமண். மழைக்காலத்தில் அது கையை விடாது பற்றிக்கொள்ளும். வேனிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்தோ வந்தவர்களுக்கு இந்த மண் அயலாகவே இருந்துவருகிறது. "நம் ஊர்ச் செம்மண்ணில் வைத்திருந்தால் இந்நேரம் தழைத்திருக்கும்" என்று அவர்கள் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். செம்மண் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் பொருளுக்கு இலக்கணம் வகுக்க, உலகத்து அறிஞர்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பாடுபட்டனர். அந்த வரலாற்றில் ஒரு பகுதி நம் தென்னாட்டில் தொடங்கி, மற்றொரு பகுதி இந்த நகரத்தின் அலுவலகங்களில் நடந்தது.

முதலில் நம் காலடியில் உள்ள மண்ணைக் கவனிப்போம். பவானிபூருக்கு வடக்கே, மைதானத்தை ஒட்டிய வில்லியம் கோட்டையில், குடிநீர் தேடி 1835-ஆம் ஆண்டில் துளையிடத் தொடங்கினர். 1840-இல் அவ்வேலை நின்றபோது துளையின் ஆழம் 481 அடி. அவ்வளவு ஆழத்திலும் பாறை தட்டுப்படவில்லை. களிமண், மணல், மக்கிய மரங்கள் செறிந்த கரிமண் படுகை, மீண்டும் களிமண், மணல் என்றே வந்துகொண்டிருந்தது. இந்நகரம் நிற்பது ஆறு இட்ட வண்டலின் மீது. சுரங்க ரயிலுக்காக இங்கே தெருக்களைத் தோண்டியபோதும் இந்த மென்களிதான் பொறியியலாரைச் சோதித்தது. தெருவையே திறந்து வெட்டி, உள்ளே கட்டி, மேலே மூடும் முறையை அவர்கள் பெரிதும் கையாண்டார்கள். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடிய முதல் வண்டி அக்களிமண்ணின் ஊடேதான் ஓடிற்று. அந்தப் பவானிபூர் நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர்.

இங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் சென்றால் பாங்குரா மாவட்டம் வரும். அங்கே நிலம் சிவந்துவிடுகிறது. விஷ்ணுபூரில் மல்ல மன்னர்கள் எழுப்பிய கோயில்களுள் 1658-இல் கட்டிய லால்ஜீ கோயிலும், 1758-இல் கட்டிய ராதேசியாம் கோயிலும் இச்செந்நிலத்திலேயே வெட்டியெடுத்த கல்லால் ஆனவை. புழுத் துளைத்தாற்போல் உடலெல்லாம் புரையோடிய அக்கல்லைக் கண்டதும் தமிழர் அடையாளம் கண்டுகொள்வர். நம்மவர் இதைச் செம்புரைக்கல் என்றும் செம்பூராங்கல் என்றும் சொல்வர், மலையாளத்தில் வெட்டுகல், இலங்கையில் கபுக். வங்காளத்துச் செந்நிலமும் மலபாரும் புதுக்கோட்டையும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தொலைவில் இருந்தும், மண்ணால் உறவினராக இருக்கின்றன.

இக்கல்லை உலக நூல்களில் ஏற்றியவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின், புதிதாகக் கைக்கு வந்த நாடுகளின் விளைவையும் தொழிலையும் அறிந்துவர வெல்லெஸ்லி பிரபு அவரை அனுப்பினார். 1800-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், மைசூர், கொங்குநாடு, மலபார், கன்னடக் கரை எங்கும் சுற்றினார். அவ்வாண்டின் இறுதியில் மலபாரின் அங்காடிப்புரத்தில் இக்கல்லை மக்கள் வெட்டுவதைக் கண்டார். பூமிக்குள் காற்றுப் படாமல் இருக்கும்போது இது இரும்புக் கருவிக்கு எளிதில் இடங்கொடுக்கிறது. சதுரமாகத் தோண்டியெடுத்துக் கத்தியால் செதுக்கலாம். வெளியே வைத்துக் காற்றும் வெயிலும் பட்டபின் செங்கல்லைப் போல் இறுகி, மழைக்கும் அசையாது நிற்கிறது. இதைக் குறித்துக்கொண்ட புக்கானன், நாட்டு மொழிகள் சிலவற்றில் இதற்கு இட்டிகைக் கல் என்று பெயர் இருப்பதையும் எழுதிவைத்தார். பிறகு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்ற பெயரை ஆக்கித் தந்தார். அவர் நூல் 1807-இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. புக்கானன் பின்னர் இந்நகரத்துக்கு எதிர்க்கரையில் சிப்பூரில் உள்ள தாவரவியல் தோட்டத்தின் தலைவராகவும் 1814-இல் அமர்ந்தார்.

கலைப் பட்டம் பெற்று, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எமக்கு இச்செய்தியில் தனி இன்பம் உண்டு. உலகமெங்கும் பரவிய ஒரு விஞ்ஞானக் கலைச்சொல், தென்னாட்டுக் கொத்தர் வழங்கிய சொல்லின் நேர் மொழிபெயர்ப்பே ஆகும். நம் மொழிகளில் கலைச்சொல் இல்லை என்று புலம்புவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் பெயர் வந்துவிட்டதே தவிர, பொருள் இன்னதென்று தெளியவில்லை. புக்கானனுக்குப் பரிசோதனைச் சாலை இல்லை. கொத்தனின் கத்திதான் அவருடைய சோதனைக் கருவி. வெட்டும்போது மென்மை, பின்பு வன்மை என்பதே அவர் வகுத்த இலக்கணம். அடுத்து வந்தவர்களோ, சிவந்து புரையோடிய எதையும் லாட்டரைட் என்று எழுதலாயினர். எரிமலைக் குழம்பு என்றார் சிலர். பாறை நின்ற இடத்திலேயே உளுத்ததன் விளைவு என்றார் வேறு சிலர்.

கல்கத்தாவில் 1851-ஆம் ஆண்டு தாமஸ் ஓல்டாம் பொறுப்பேற்றதோடு உருவான இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு இது ஒரு தீராத வழக்காக இருந்தது. சௌரிங்கி சாலையில், இந்திய அருங்காட்சியகத்தை ஒட்டி அத்துறையின் தலைமையகம் இன்றும் இருக்கிறது. பவானிபூரிலிருந்து நேர்வடக்கே செல்பவர் அதைக் கடக்காமல் போகமுடியாது. 1879-இல் இத்துறையினர் வெளியிட்ட இந்திய நிலவியல் கையேட்டில் லாட்டரைட்டை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று உயர்நில வகை: மகாபலேசுவரம், பஞ்சகணி போன்ற தக்காண உச்சிகளில் மேசைப் பலகைபோல் பரந்து கிடப்பது. மற்றொன்று கரையோரத் தாழ்நில வகை. இப்பிரிவு பரிசோதனைச் சாலையில் தோன்றியதன்று. நிலத்தின் மேனியைப் பார்த்து எழுந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் பழங்கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அவரும் உடன்பணியாளர் வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை நிறையக் கண்டனர். அவை கிடந்தது செந்நிறச் சரளையில். ஆதிமனிதன் இந்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்குச் சான்று நம் செம்புரைச் சரளையிலிருந்தே கிடைத்தது. அத்திரம்பாக்கத்தின் அடிப்படுகைக் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு என்ற அளவில் 2011-ஆம் ஆண்டில் காலம் கணித்திருக்கின்றனர். மண்ணியலுக்கு இதனால் விளைந்த பாடம் வேறு. மலபாரின் கல் பாறை நின்ற இடத்திலேயே உளுத்து உருவானது. சென்னையைச் சுற்றியுள்ள செங்குன்றப் பகுதியின் சரளையோ உருண்டும் புரண்டும் வந்த துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொண்டு ஆனது. அதனால்தான் அதற்குள் மனிதன் செய்த கருவி அகப்பட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கிவந்தது.

இரசாயனம் இதற்குள் காலடி வைத்தது. செஷல்ஸ் தீவுகளிலிருந்து வந்த மண்ணை 1898-இல் மாக்ஸ் பவர் என்ற ஜெர்மானியர் சோதித்து, அதில் சிலிக்கா பெரும்பாலும் கரைந்து போய், அலுமினியத்தின் நீரேறிய உயிரகையும் இரும்பு உயிரகையும் எஞ்சியிருப்பதைக் காட்டினார். குளிர்நாடுகளில் பாறை உளுத்தால் களிமண் எஞ்சும். வெப்ப நாட்டில் களிமண்ணும் சிதைந்து இரும்பும் அலுமினியமும் எஞ்சும் என்பது அக்கொள்கை. இதற்குக் காரணம் நுண்ணுயிர்களாக இருக்கலாம் என்று 1903-இல் எழுதியவர் இந்திய நிலவியல் துறையின் தாமஸ் ஹாலந்து. இறுதியாக 1927-இல், ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் பணியாற்றிய மார்ட்டின், டாய்ன் என்ற இருவர் ஓர் அளவுகோலையே நாட்டினர். மண்ணின் களிப்பகுதியில் சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் உள்ள விகிதம் 1.33-க்குக் குறைவானால் அது லாட்டரைட், 1.33-க்கும் 2-க்கும் இடைப்பட்டால் லாட்டரைட் சார்ந்தது. அதற்கு மேற்பட்டால் இரண்டும் அன்று.

எண் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அலுவலகங்களுக்கு அளவற்ற நிம்மதி. ஆனால் இந்த எண்ணில் ஓர் இடையூறு இருந்தது. வெண்களிமண்ணின் தாதுவாகிய கயோலினைட்டில் அவ்விகிதம் 2 ஆகும். வெட்டி உலர்த்தினால் இறுகும் கல்லில் கயோலினைட் ஏராளமாக இருக்கக்கூடும். அங்காடிப்புரத்துக் கல்லிலேயே அது இருக்கிறது. ஆக, கொத்தன் லாட்டரைட் என்று வீடு கட்டிய கல்லை இரசாயனி லாட்டரைட் அன்று என்று தள்ளவேண்டிய நிலை நேர்ந்தது. நிலவியல் துறையைச் சேர்ந்த சிரில் பாக்ஸ் புக்கானன் சுட்டிய இடங்களையே மீண்டும் ஆராய்ந்து 1936-இல் எழுதியதற்கு இக்குழப்பமே பின்னணி.

சரி, மழையையும் வெயிலையும் கேட்டால் விடை வராதா? ஆண்டு மழையை மில்லிமீட்டரில் கொண்டு, அதைச் சராசரி வெப்பநிலையால் வகுத்து வரும் எண்ணை மழைக் காரணி என்று கொள்ளலாம் என்றார் ஜெர்மானியராகிய ரிச்சர்ட் லாங். இதை நாமே போட்டுப் பார்ப்போம். அங்காடிப்புரம் இருக்கும் மலப்புரம் பகுதிக்கு ஏறத்தாழ 100 வரும். கொல்கத்தாவுக்கு 60-க்குச் சற்று மேல். பாங்குராவுக்கு 50-க்கு மேல். புதுக்கோட்டைக்கோ 30-ஐ ஒட்டித்தான் வரும்; அங்கே ஆண்டு மழை 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. 100 உள்ள ஊரிலும் செம்புரைக்கல். 30 உள்ள ஊரிலும் செம்புரைக்கல். இடைப்பட்ட 60 உள்ள பவானிபூரில் ஒரு பிடியும் இல்லை!

இப்புதிரை அவிழ்ப்பது நிலத்தின் வயது. செம்புரைக்கல் உருவாக, வெதுவெதுப்பான மழைநீர் நெடுங்காலம் மேலிருந்து கீழிறங்கிச் சிலிக்காவைக் கழுவிச் செல்லவேண்டும். மழைப் பருவத்தில் நிலத்தடி நீர் ஏறிக் கோடையில் இறங்கவேண்டும். ஈரத்தில் கரைந்து நகரும் இரும்பு, உலர்ச்சியில் மீண்டும் துருவாக உறையவேண்டும். இவ்வாறு எண்ணிறந்த பருவங்கள் கழிய, நிலம் பெயராது நிற்கவேண்டும். கொல்கத்தாவின் வண்டலோ நேற்றுப் பிறந்தது. நீர் வடியவும் இடமில்லை. புதுக்கோட்டையின் கல், இன்றைய மழை தந்ததன்று. ஈரம் மிகுந்த பழங்காலம் ஒன்றின் எச்சம். எனவே ஒரு மண்ணின் குணத்தை அறிய, குடுவையும் மழைமானியும் மட்டும் போதா. அது கிடக்கும் மேட்டையும் பள்ளத்தையும் நடந்து பார்த்தாக வேண்டும். இரஷ்யாவில் தொகுச்சாயேவ் கரிசலைப் பற்றி 1883-இல் எழுதியதும், அமெரிக்காவில் ஹான்ஸ் யென்னி 1941-இல் மூலப்பாறை, தட்பவெப்பம், உயிரினம், நிலக்கிடை, காலம் என ஐந்து காரணங்களை நிறுத்தியதும் இதே கருத்தில்தான்.

நம் நாட்டு மண்ணை வண்டல், கரிசல், செம்மண், லாட்டரைட் என நான்காகப் பகுத்தவர் இந்திய அரசின் வேளாண் இரசாயனியாகிய லெதர், ஆண்டு 1898. பள்ளிப் புத்தகங்கள் இன்னும் அவர் வழியைவிட்டு அதிகம் விலகவில்லை.

இவையெல்லாம் பெயருக்கான சண்டைகள்தாமே, உழவனுக்கு என்ன என்று கேட்கலாம். 1964-இல் அமெரிக்க இதழொன்றில் வெளியான ஒரு கட்டுரை, வெப்ப நாட்டுக் காடுகளைத் திருத்திப் பயிரிட்டால் செம்மண் செங்கல்லாக இறுகிப் பாழாகிவிடும் என்று எச்சரித்தது. அந்த அச்சம் நெடுநாள் உலவியது. செம்மண் எல்லாம் லாட்டரைட், லாட்டரைட் எல்லாம் இறுகும் என்ற பெயர்க் குழப்பமே அதன் வேர். சாஞ்செஸ், புவோல் என்ற மண்ணியலார் 1975-இல் கணக்கிட்டுப் பார்த்ததில், வெப்ப மண்டலத்தில் அவ்வாறு இறுகத்தக்க நிலம் நூற்றுக்கு 7 பங்கு அளவே என்று கண்டனர். எஞ்சிய செந்நிலத்தின் நோய் வேறு: புளிப்புத் தன்மை, இடும் பாஸ்பேட் உரத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொண்டு வேருக்குக் கொடாமை. அதற்கு மருந்து சுண்ணாம்பும், தொழுவுரமும், முறையறிந்து இடும் பாஸ்பேட்டும். 'பயிருக்கு உதவாத நிலம்' என்று ஒதுக்குவதற்கும், 'பத்தியத்தோடு உதவும் நிலம்' என்று உழுவதற்கும் இடையே எத்தனையோ குடும்பங்களின் சோறு இருக்கிறது. புதுக்கோட்டையின் முந்திரித் தோப்புகளும் பாங்குராவின் சாலமரக் காடுகளும் இவ்வகை நிலத்தில் நிற்பனவே.

குழப்பத்துக்கு ஒரு முடிவு காண, 1960-இல் அமெரிக்க மண்ணியலார் வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் லாட்டரைட் என்ற பெயரையே கைவிட்டனர். முற்றிலும் உளுத்துத் தேய்ந்த மண்களுக்கு ஆக்சிசால் என்ற வகுப்பை அமைத்தனர். நம் நாட்டுச் செம்மண் நிலங்களுள் பெரும்பாலானவை அவ்வகுப்பில்கூட அடங்கமாட்டா; அவை ஆல்பிசால், அல்டிசால் ஆகிய வேறு வகுப்புகளுக்குப் போய்விட்டன. நனைந்தும் உலர்ந்தும் மீளாதபடி இறுகும் இரும்புச் செறிவான மண்ணுக்கு மட்டும் 'பிளிந்தைட்' என்று பெயரிட்டனர். அச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் 'பிளிந்தோஸ்', பொருள் செங்கல். இட்டிகைக் கல் இலத்தீனுக்குப் போய், இலத்தீனிலிருந்து நீங்கிக் கிரேக்கத்துக்குப் போயிற்று. புக்கானன் கேட்ட கொத்தனின் இலக்கணம், சோதனைகள் எல்லாம் முடிந்தபின் மறுபடி ஏற்கப்பட்டது என்றே யாம் கருதுகிறோம். இறுகுகிறதா என்பதைத்தானே புதிய பெயரும் கேட்கிறது!

அங்காடிப்புரத்தில் புக்கானன் பெயரைச் சொல்லும் ஒரு நினைவுக்கல்லை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நாட்டியிருக்கிறது. 1979-ஆம் ஆண்டிலிருந்து அவ்விடம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அது நிற்பதும் அதே செம்புரைக்கல்லின் மீதுதான். மலபார்க் குவாரிகளில் இப்போது கல்லை அறுப்பது சுழலும் எந்திர வாள். அறுத்த கல்லை உடனே சுவரில் ஏற்றாமல், சில காலம் காற்றில் அடுக்கிவைத்து இறுகவிட்ட பின்பே கட்டத் தொடங்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.